சூரியக் குடும்பம்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பள்ளிச் சுவரில் தொங்கும் படத்தில் சூரியன் ஓர் ஓரத்தில் இருக்க, எட்டுக் கோள்களும் வண்ண உருண்டைகளாக வரிசைகட்டி நிற்கும். நம்மில் பெரும்பாலோர் சூரியக் குடும்பத்தை முதலில் அறிந்தது அந்தப் படத்தின் வழியாகத்தான். பெயர்களை வரிசையாக நினைவில் வைக்க அது உதவும். ஆனால் அந்த உருண்டைகள் ஏன் ஒன்றுக்கொன்று இவ்வளவு மாறுபட்டிருக்கின்றன என்பதை அது சொல்லாது. ஒரு பொருள் சூரியனிலிருந்து எவ்வளவு தொலைவில் பிறந்தது என்று தெரிந்தால், அதன் இயல்பில் பெரும்பகுதி விளங்கிவிடும். கீழுள்ள விடைகள் பெரும்பாலும் அந்த ஒரு கருத்தைப் பின்பற்றியே செல்கின்றன.

சூரியக் குடும்பத்தில் எவையெல்லாம் அடங்கும்?

சூரியனும், அதன் ஈர்ப்புக்குக் கட்டுப்பட்டு அதைச் சுற்றிவரும் அனைத்தும் சேர்ந்ததே சூரியக் குடும்பம். இலங்கையில் இதை ஞாயிற்றுத் தொகுதி என்றும் வழங்குவர். புதன், வெள்ளி, பூமி, செவ்வாய், வியாழன், சனி, யுரேனஸ், நெப்டியூன் ஆகிய எட்டுக் கோள்கள், அவற்றைச் சுற்றும் நூற்றுக்கணக்கான நிலவுகள், புளூட்டோ, சீரிஸ் போன்ற குறுங்கோள்கள், லட்சக்கணக்கான சிறுகோள்கள், வால்வெள்ளிகள், இவற்றிடையே பரவிக் கிடக்கும் தூசி என யாவும் இதில் சேரும். மொத்த நிறையில் 99.8 விழுக்காட்டுக்கும் மேல் சூரியனிடமே இருக்கிறது. எஞ்சிய சொற்பத்திலும் பெரும்பங்கை வியாழன் எடுத்துக்கொண்டுவிட்டது. நாம் வாழும் பூமி, கணக்கில் மீந்த சில்லறை அளவுதான்.

படத்தில் இருப்பதுபோல் கோள்கள் அருகருகே உள்ளனவா?

இல்லை. தொலைவுகளை உள்ளபடி வரைந்தால் கோள்கள் கண்ணுக்குத் தெரியாத புள்ளிகளாகிவிடும் என்பதால்தான் படங்கள் அப்படி வரையப்படுகின்றன. சூரியனை 1 மீட்டர் அகலமுள்ள உருண்டையாகக் கற்பனை செய்துகொள்வோம். அப்போது பூமி ஒரு கொண்டைக்கடலை அளவுக்கு, ஏறத்தாழ 9 மில்லிமீட்டர் அகலத்தில், சூரியனிலிருந்து 107 மீட்டர் தள்ளி இருக்கும். நிலவு அந்தக் கடலையிலிருந்து சுமார் 28 சென்டிமீட்டர் தொலைவில் ஒரு பருத்த கடுகாக நிற்கும். மனிதர் இதுவரை நேரில் சென்ற தொலைவு அந்த ஒரு முழத்துக்கும் குறைந்த இடைவெளிதான். வியாழன் 10 சென்டிமீட்டர் அகலத்தில் அரைக் கிலோமீட்டருக்கும் சற்று அப்பால் இருக்கும். நெப்டியூனைக் காண 3 கிலோமீட்டருக்கு மேல் நடக்க வேண்டும். சூரியனுக்கு அடுத்த மிக அருகிலுள்ள விண்மீனான பிராக்சிமா சென்டாரியை இதே அளவுத்திட்டத்தில் வைக்க ஏறக்குறைய 29,000 கிலோமீட்டர் தேவை. பூமிப் பரப்பில் எந்த இரண்டு ஊர்களுக்கும் இடையே அவ்வளவு தொலைவு கிடையாது.

உண்மையான அளவில், பூமிக்கும் சூரியனுக்கும் இடையிலுள்ள சராசரித் தொலைவு சுமார் 14.96 கோடி கிலோமீட்டர். இதை ஒரு வானியல் அலகு என்பர். ஒளி இதைக் கடக்க 8 நிமிடம் 20 வினாடி எடுக்கிறது.

இவையெல்லாம் எப்போது, எப்படித் தோன்றின?

சுமார் 460 கோடி ஆண்டுகளுக்கு முன்பு, வாயுவும் தூசியும் கலந்த ஒரு மாபெரும் மேகத்தின் ஒரு பகுதி தன் ஈர்ப்பாலேயே சுருங்கத் தொடங்கியது. சுருங்கச் சுருங்க அது வேகமாகச் சுழன்று தட்டையாகி, நடுவில் சூரியனும் சுற்றிலும் ஒரு தட்டும் உருவாயின. அந்தத் தட்டிலிருந்த தூசித் துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டிக் கற்களாகி, கற்கள் மோதிச் சேர்ந்து மலைகளாகி, அவை மேலும் திரண்டு கோள்களாயின. எல்லாக் கோள்களும் ஏறத்தாழ ஒரே தளத்தில், ஒரே திசையில் சூரியனைச் சுற்றுவதற்கு இந்தப் பிறப்பே காரணம்.

வயது எப்படித் தெரிந்தது என்ற கேள்வி இயல்பானது. பூமியின் ஆதிப் பாறைகள் உருகியும் புதைந்தும் மாறிவிட்டதால் அவை உதவவில்லை. வானிலிருந்து விழுந்த கற்கள் உதவின. 1969ஆம் ஆண்டு மெக்சிகோவில் அயெண்டே என்னுமிடத்தில் விழுந்த விண்கல் போன்றவற்றில் கால்சியமும் அலுமினியமும் நிறைந்த வெண்ணிறத் துணுக்குகள் உள்ளன. அந்தத் தட்டில் முதன்முதலாக இறுகிய திடப்பொருள்கள் அவையே. அவற்றிலுள்ள யுரேனியம் ஈயமாகச் சிதைந்த அளவைக் கொண்டு கணக்கிட்டால் ஏறத்தாழ 456.7 கோடி ஆண்டுகள் என்ற விடை கிடைக்கிறது.

உள்ளே பாறைக் கோள்களும் வெளியே வாயுக் கோள்களும் இருப்பது ஏன்?

இந்தப் பக்கத்தில் ஒரே ஒரு விடையை மட்டும் படிக்க நேரமுள்ளவர்கள் இதைப் படிக்கலாம். பிறந்துகொண்டிருந்த சூரியனுக்கு அருகே வெப்பம் மிகுதி. அங்கே நீரும் அம்மோனியாவும் மீத்தேனும் ஆவியாகவே இருக்க முடிந்தது. இரும்பும் பாறைப்பொருளும் மட்டுமே திடமாக இறுகின. அத்தகைய பொருள் அந்த மேகத்தில் மிகக் குறைவு என்பதால், அவற்றால் ஆன புதன், வெள்ளி, பூமி, செவ்வாய் நான்கும் சிறியவையாகவே நின்றன. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடைப்பட்ட ஏதோ ஒரு தொலைவைத் தாண்டியதும் நீர் உறைந்து பனிக்கட்டியாகும் அளவுக்குக் குளிர்ந்தது. வானியலாளர் இதைப் பனிக்கோடு என்பர். அதற்கு அப்பால் பாறையோடு பனிக்கட்டியும் சேர்ந்து கட்டுமானப் பொருள் பெருகியது. அங்கே திரண்ட கருக்கள் பூமியைப்போல் பல மடங்கு நிறையை எட்டி, சுற்றியிருந்த ஹைட்ரஜனையும் ஹீலியத்தையும் தம் ஈர்ப்பால் இழுத்துப் போர்த்திக்கொண்டன. வியாழனும் சனியும் அப்படி வளர்ந்தவை. இன்னும் வெளியே பொருள் அடர்த்தி குறைவு, வளர்ச்சியும் மெதுவு. யுரேனஸும் நெப்டியூனும் போதிய அளவு வளர்வதற்குள் வாயு கலைந்துபோனது. ஆகவே அவற்றில் வாயுப் போர்வை மெலிந்தும், நீர், அம்மோனியா, மீத்தேன் போன்றவற்றின் பங்கு மிகுந்தும் இருக்கின்றன.

கோள்கள் பிறந்த இடத்திலேயே நின்றுவிடவில்லை என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பெருங்கோள்கள் தொடக்கக் காலத்தில் இடம்பெயர்ந்தன என்றும், அந்த நகர்வில் எண்ணற்ற சிறு பொருள்கள் உள்ளும் புறமும் வீசியெறியப்பட்டன என்றும் இன்றைய ஆய்வாளர் பெரும்பாலோர் கருதுகின்றனர்.

சூரியன் எரிகின்ற நெருப்பா?

விறகு எரிவதுபோன்ற எரிதல் அங்கே நடைபெறுவதில்லை. சூரியனின் மையத்தில் வெப்பநிலை சுமார் 1.5 கோடி பாகை செல்சியஸ். அழுத்தமும் அதற்கேற்ப மிகக் கடுமை. அந்நிலையில் ஹைட்ரஜன் அணுக்கருக்கள் இணைந்து ஹீலியமாகின்றன. ஒவ்வொரு வினாடியும் சுமார் 60 கோடி டன் ஹைட்ரஜன் இவ்வாறு மாற, அதில் 40 லட்சம் டன்னுக்கும் மேற்பட்ட நிறை ஆற்றலாக வெளியேறுகிறது. இவ்வளவு செலவழித்தும் இன்னும் சுமார் 500 கோடி ஆண்டுகளுக்கு இருப்பு இருக்கிறது.

மேற்பரப்பின் வெப்பநிலை சுமார் 5,500 பாகை. அதில் தோன்றும் கரும்புள்ளிகள், காந்தப்புலம் வலுத்திருப்பதால் சற்றுக் குளிர்ந்த இடங்கள்; ஏறத்தாழ 11 ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றின் எண்ணிக்கை கூடிக் குறையும். கரும்புள்ளிகளில் வாயு மையத்திலிருந்து வெளிநோக்கிப் பாய்வதை ஜான் எவர்ஷெட் 1909இல் கண்டறிந்தது நம் கொடைக்கானல் வானாய்வகத்தில்தான். இன்று ஆதித்யா எல்1 விண்கலம் பூமியிலிருந்து சுமார் 15 லட்சம் கிலோமீட்டர் தொலைவில் நின்று சூரியனை இடைவிடாது கவனித்து வருகிறது. செங்கோட்டையில் பிறந்த நிகர் ஷாஜி அந்தத் திட்டத்தின் இயக்குநர்.

சூரியனுக்கு மிக அருகில் புதன் இருக்க, வெள்ளியே அதிக வெப்பமாக இருப்பது ஏன்?

புதனுக்குச் சொல்லத்தக்க காற்றுமண்டலம் இல்லை. பகலில் 430 பாகை வரை சூடேறும் அதன் தரை, இரவில் வெப்பத்தைப் பிடித்துவைக்க எதுவுமின்றி உறைநிலைக்குக் கீழே 180 பாகைவரை குளிர்ந்துவிடும். சூரிய ஒளி ஒருபோதும் எட்டாத அதன் துருவப் பள்ளங்களில் பனிக்கட்டி இருப்பதை மெசெஞ்சர் விண்கலம் உறுதிசெய்தது. வெள்ளியோ கரியமில வாயுவாலான தடித்த போர்வைக்குள் கிடக்கிறது. உள்ளே புகுந்த வெப்பம் வெளியேற வழியின்றித் தங்கிவிடுவதால் அதன் தரை பகலிரவு வேறுபாடின்றிச் சுமார் 465 பாகையில் கொதிக்கிறது. ஈயம் அங்கே உருகி ஓடும். காற்றழுத்தம் பூமியைப்போல் 90 மடங்குக்கும் மேல். தொலைவு பெரும்பாலானவற்றைத் தீர்மானிக்கும் என்று மேலே சொன்னதற்கு வெள்ளி ஒரு முக்கியமான திருத்தம்: காற்றுமண்டலம் அமையும் விதமும் ஒரு கோளின் தலையெழுத்தை மாற்றும்.

வெள்ளி தன்னைத்தானே ஒருமுறை சுற்ற 243 நாள் எடுக்கிறது. சூரியனைச் சுற்றுவதற்கோ 225 நாள்தான். அது சுழலும் திசையும் தலைகீழானது என்பதால், அங்கே நிற்க முடிந்தால் சூரியன் மேற்கில் உதிப்பதைக் காணலாம்.

நிலவு எப்படி வந்தது?

பூமி உருவான தொடக்கக் காலத்தில் ஏறத்தாழ செவ்வாய் அளவிலான ஒரு பொருள் அதன்மீது மோதியது என்றும், அப்போது சிதறிய குழம்பு பூமியைச் சுற்றித் திரண்டு நிலவானது என்றும் பரவலாக ஏற்கப்பட்ட கருத்து கூறுகிறது. அப்பல்லோ வீரர்கள் கொண்டுவந்த 382 கிலோகிராம் கல்லும் மண்ணும் இதற்கு வலுச்சேர்த்தன: அவற்றிலுள்ள ஆக்சிஜன் வகைகளின் விகிதம் பூமியினுடையதை அப்படியே ஒத்திருக்கிறது, ஆனால் நிலவின் இரும்பு மையம் மிகச் சிறியது. அவ்வீரர்கள் அங்கே வைத்துவந்த கண்ணாடிகளின்மேல் லேசர் கதிரைப் பாய்ச்சி அளந்தால், நிலவு ஆண்டுக்கு 3.8 சென்டிமீட்டர் நம்மைவிட்டு விலகுவது தெரிகிறது.

நிலவின் வெளிறிய மேட்டுநிலம் அனார்த்தோசைட் என்னும் பாறையால் ஆனது. அந்தப் பாறை நாமக்கல் மாவட்டம் சித்தம்பூண்டிப் பகுதியில் கிடைப்பதால், அதைப் பொடித்துச் செய்த மண்ணில்தான் சந்திரயான் தரையிறங்கிகளுக்கான சோதனைகள் நடந்தன. 2008இல் ஏவப்பட்ட சந்திரயான் 1 நிலவில் நீரின் தடயத்தைக் காட்டியது. 2023 ஆகஸ்ட் 23 அன்று சந்திரயான் 3 தென்துருவத்தை ஒட்டிய பகுதியில் இறங்கியது.

செவ்வாயில் நீர் உண்டா?

உண்டு, ஆனால் இன்று அது பெரும்பாலும் பனிக்கட்டியாகத் துருவங்களிலும் தரைக்கடியிலும் இருக்கிறது. வறண்ட ஆற்றுப்படுகைகளும் கழிமுகங்களும் 300 கோடி ஆண்டுகளுக்கும் முன்பு அங்கே நீர் ஓடியதைச் சொல்கின்றன. 2021இல் பெர்சிவரன்ஸ் ஊர்தி இறங்கிய ஜெசிரோ பள்ளம் அப்படிப்பட்ட பழைய ஏரிதான். செவ்வாய் சிறியது, காந்தப் பாதுகாப்பை இழந்தபின் அதன் காற்றை, சூரியனிலிருந்து வீசும் மின்னேற்றத் துகள்களாகிய சூரியக் காற்று சிறிது சிறிதாக அரித்துச் சென்றது. எஞ்சியுள்ள காற்றின் அழுத்தம் பூமியில் உள்ளதில் நூற்றில் ஒரு பங்குகூட இல்லை.

சிறுகோள்கள் உடைந்துபோன ஒரு கோளின் துண்டுகளா?

அப்படி ஒரு காலத்தில் நம்பப்பட்டது. செவ்வாய்க்கும் வியாழனுக்கும் இடையிலுள்ள பட்டையில் இருக்கும் எல்லாவற்றையும் சேர்த்தாலும் நிலவின் நிறையில் சுமார் 3 விழுக்காடுதான் தேறும். ஒரு கோள் உடைந்திருந்தால் இது போதாது. வியாழனின் ஈர்ப்புக் குறுக்கீட்டால் ஒரு கோளாகச் சேர முடியாமல் போன மிச்சப் பொருள்களே இவை. திரைப்படங்களில் காட்டுவதுபோல் அவை நெருக்கியடித்துக்கொண்டு மிதக்கவில்லை. ஓரளவு பெரியவற்றுக்கு இடையே லட்சக்கணக்கான கிலோமீட்டர் வெறுமை இருப்பதால் விண்கலங்கள் பட்டையை இடரின்றிக் கடந்து செல்கின்றன.

முதல் சிறுகோளான சீரிஸை 1801 ஜனவரி 1 அன்று இத்தாலியின் பலெர்மோவில் ஜுசெப்பே பியாட்சி கண்டார். சென்னை நுங்கம்பாக்கத்தில் இருந்த மதராஸ் வானாய்வகத்திலிருந்து நார்மன் போக்சன் 1861இல் ஒரு சிறுகோளைக் கண்டறிந்து அதற்கு ஆசியா என்று பெயரிட்டார். வேலூர்ப் பக்கம் சவ்வாது மலைமேல் உள்ள காவலூரில் 1988இல் கண்டறியப்பட்ட ஒன்றுக்கு இராமானுஜன் பெயர் சூட்டப்பட்டது. இவற்றைப் பாடநூலில் ஒரு வரியாவது சேர்த்தால் மாணவர்கள் மகிழ்வார்கள்.

சிறுகோள்கள் மாறாமல் எஞ்சிய ஆதிப்பொருள் என்பதே அவற்றின் மதிப்பு. பென்னு என்ற சிறுகோளிலிருந்து 2023இல் பூமிக்கு வந்த 121.6 கிராம் மண்ணில், உயிர்களின் புரதங்களுக்கு அடிப்படையான அமினோ அமிலங்கள் பலவும் காணப்பட்டன.

சனிக்கு மட்டும்தான் வளையம் உண்டா?

பெருங்கோள்கள் நான்குக்கும் வளையங்கள் உண்டு; சனியுடையவை மட்டுமே பளிச்சென்று தெரியும். அவை பெரும்பாலும் பனிக்கட்டித் துண்டுகளால் ஆனவை. முதன்மை வளையங்கள் சுமார் 2,80,000 கிலோமீட்டர் குறுக்களவுக்கு விரிந்திருந்தும் பல இடங்களில் ஏறத்தாழ 10 மீட்டர் தடிமன்தான். ஆகவே 15 ஆண்டுகளுக்கு ஒருமுறை அவற்றின் விளிம்பு நம்மை நோக்கும்போது வளையமே மறைந்ததுபோல் தோன்றும். 2025 மார்ச்சில் அப்படி நேர்ந்தது.

யுரேனஸின் வளையங்கள் தெரியவந்த கதை அழகானது. 1977 மார்ச் 10 அன்று யுரேனஸ் ஒரு விண்மீனை மறைத்துக் கடக்கவிருந்தது. கோள் மறைப்பதற்கு முன்பே அந்த விண்மீன் பலமுறை மங்கி மங்கி ஒளிர்ந்தது. கோள் விலகிய பின்னும் அதேபோல் நிகழ்ந்தது. இந்தியப் பெருங்கடலுக்கு மேல் பறந்த விமானத்திலிருந்து அமெரிக்கக் குழுவினர் இதைத் தெளிவாகப் பதிவுசெய்தனர். அதே இரவில் காவலூரின் 1 மீட்டர் தொலைநோக்கியிலும் ஒளிமங்கல் பதிவானது. கண்ணுக்குத் தெரியாத மெல்லிய வளையங்களே விண்மீனை மறைத்தவை.

வெளிக் கோள்களின் நிலவுகளைப் பற்றி ஏன் இவ்வளவு பேசுகிறார்கள்?

1610இல் கலிலியோ வியாழனைச் சுற்றும் நான்கு நிலவுகளைக் கண்டபோது, எல்லாமே பூமியைச் சுற்றவில்லை என்பது கண்கூடானது. இன்று பேச்சு நீரைப் பற்றியது. வியாழனின் ஈரோப்பாவில் பனி ஓட்டுக்கு அடியில் கடல் இருப்பதற்குப் பல சான்றுகள் உள்ளன; வியாழனின் ஈர்ப்பு அதை மாறிமாறிப் பிசைவதால் எழும் வெப்பமே அந்த நீரை உறையவிடாமல் வைத்திருக்கிறது. சனியின் என்செலடஸ் தென்துருவப் பிளவுகள் வழியே உப்புநீரை விண்ணில் பீய்ச்சுவதைக் கண்டறிந்ததையும், அந்தத் தாரைகளின் ஊடாகவே பறந்து சோதித்ததையும் காசினி விண்கலத்தின் பெரும் சாதனைகளாகச் சொல்லலாம். சனியின் மற்றொரு நிலவான டைட்டனில் மீத்தேன் மழை பெய்து ஆறாக ஓடுகிறது. 2005 ஜனவரி 14 அன்று ஹைகன்ஸ் கலம் அங்கே இறங்கியது. சூரியனிலிருந்து இவ்வளவு விலகியும் வெப்பத்துக்கு வேறொரு வழி உண்டு என்பதை இந்த நிலவுகள் காட்டுகின்றன.

நெப்டியூனைக் கணக்குப் போட்டுக் கண்டுபிடித்தார்கள் என்பது உண்மையா?

உண்மை. 1781இல் வில்லியம் ஹெர்ஷல் கண்ட யுரேனஸ், கணித்த பாதையிலிருந்து சற்றே விலகி நகர்ந்தது. கண்ணுக்குத் தெரியாத வேறொரு கோள் இழுப்பதாகக் கொண்டு பிரான்சின் லெ வெரியே அதன் இடத்தைக் கணக்கிட்டார். இங்கிலாந்தில் ஆடம்ஸும் இதே முயற்சியில் இருந்தார். லெ வெரியேயின் கடிதம் கிடைத்த 1846 செப்டம்பர் 23 அன்றிரவே பெர்லினில் யோகான் கால்லே தொலைநோக்கியைத் திருப்ப, சொன்ன இடத்திலிருந்து ஒரு பாகைக்குள் கோள் தென்பட்டது. சூரியனைச் சுற்ற 165 ஆண்டு எடுக்கும் நெப்டியூன், கண்டறியப்பட்ட பின் தன் முதல் சுற்றை 2011இல்தான் முடித்தது.

புளூட்டோவை ஏன் நீக்கினார்கள்?

நீக்கினார்கள் என்பதைவிட அதன் உண்மையான உறவினரிடம் சேர்த்தார்கள் என்பதே பொருத்தம். 1930இல் கிளைடு டாம்போ அதைக் கண்டபோது அது தனித்து நின்றது. 1992 முதல் நெப்டியூனுக்கு அப்பால் அதேபோன்ற பனிப்பொருள்கள் ஒன்றன்பின் ஒன்றாகத் தென்பட்டன; அந்தப் பகுதி கைப்பர் பட்டை எனப்படுகிறது. 2005இல் அறிவிக்கப்பட்ட ஈரிஸ், புளூட்டோவைவிட நிறை மிகுந்தது. ஈரிஸையும் கோள் என்பதா, இரண்டையும் வேறுவகையில் சேர்ப்பதா என்ற நிலையில், 2006 ஆகஸ்ட் 24 அன்று பிராகாவில் கூடிய பன்னாட்டு வானியல் ஒன்றியம் ஒரு வரையறையை ஏற்றது. கோள் என்பது சூரியனைச் சுற்ற வேண்டும். தன் ஈர்ப்பால் உருண்டை வடிவம் பெற்றிருக்க வேண்டும். தன் பாதையின் சுற்றுப்புறத்தை மற்றப் பொருள்களிடமிருந்து துப்புரவாக்கியிருக்க வேண்டும். மூன்றாவதை நிறைவேற்றாதவை குறுங்கோள்கள். சீரிஸ், புளூட்டோ, ஹௌமியா, மக்கேமக்கே, ஈரிஸ் ஆகிய ஐந்தும் இப்போது அவ்வாறு ஏற்கப்பட்டவை. சீரிஸும் கண்டறியப்பட்ட காலத்தில் கோள் என்றே எண்ணப்பட்டுப் பின்னர் சிறுகோளானது என்பதால் இது புதிய வழக்கமும் அன்று. புளூட்டோவுக்குச் சூரியனைச் சுற்ற 248 ஆண்டு தேவை. கோள் என்ற பெயரோடு அது தன் பாதையில் மூன்றில் ஒரு பங்கைக்கூடக் கடக்கவில்லை.

நவக்கிரகங்களும் கோள்களும் ஒன்றா?

ஒன்றல்ல. கோயில்களில் காணும் ஒன்பதில் ஞாயிறும் திங்களும் உண்டு, பூமி இல்லை. விண்மீன்களின் பின்னணியில் இடம் மாறுவனவாக வெறுங்கண்ணுக்குத் தெரியும் ஏழும், அவற்றோடு ராகுவும் கேதுவும் சேர்ந்த பட்டியல் அது. ராகுவும் கேதுவும் பொருள்கள் அல்ல. வானில் நிலவின் பாதையும் சூரியனின் தோற்றப் பாதையும் வெட்டிக்கொள்ளும் இரு புள்ளிகள். முழுநிலவோ அமாவாசையோ அப்புள்ளிகளை ஒட்டி நேரும்போதே கிரகணம் உண்டாகும். நம் முன்னோர் கிரகணத்தைக் கணிக்க இப்புள்ளிகளைப் பயன்படுத்தியது நுட்பமான அறிவு; ஆனால் அந்தப் பட்டியலை இன்றைய கோள்களின் பட்டியலோடு ஒன்றாக்கக் கூடாது.

வால்வெள்ளி, எரிமீன், விண்கல் ஆகியவற்றுக்கு என்ன வேறுபாடு?

வால்வெள்ளி என்பது பனியும் தூசியும் சேர்ந்த, பெரும்பாலும் சில கிலோமீட்டர் அகலமுள்ள கட்டி. சூரியனை நெருங்கும்போது பனி ஆவியாகி வால் வளரும். அந்த வால் செல்லும் திசைக்குப் பின்னால் அல்லாமல் சூரியனுக்கு எதிர்ப்புறமாகவே நீளும். ஹாலி வால்வெள்ளி 1986இல் வந்தது, அடுத்து 2061இல் வரும். வால்வெள்ளிகள் சிந்திச் சென்ற துகள்கள் பூமியின் காற்றில் பாய்ந்து ஒளிர்வதே எரிமீன். ஆகஸ்டில் காணும் பெர்சியட் பொழிவு சுவிஃப்ட் டட்டில் என்ற வால்வெள்ளியின் மிச்சம். முழுதும் எரியாமல் தரையை அடைவது விண்கல்.

பெரிய மோதல் மீண்டும் நிகழுமா?

நிகழும், எப்போது என்பதே கேள்வி. 6.6 கோடி ஆண்டுகளுக்கு முன் மெக்சிகோவின் யுகட்டான் பகுதியில் விழுந்த சிறுகோள் டைனோசர்களின் காலத்தை முடித்தது. 2013 பிப்ரவரி 15 அன்று ரஷ்யாவின் செல்யாபின்ஸ்க் நகருக்கு மேல் சுமார் 20 மீட்டர் அகலமுள்ள கல் வெடித்தபோது, சிதறிய சன்னல் கண்ணாடிகளால் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் காயமுற்றனர். எனினும் மனிதர் இப்போது கையைக் கட்டிக்கொண்டு இருக்கவில்லை. 2022 செப்டம்பர் 26 அன்று டார்ட் விண்கலம் டைமார்ஃபஸ் என்ற சிறு பொருளின்மீது வேண்டுமென்றே மோதி, அது தன் தாய்ச் சிறுகோளைச் சுற்றும் நேரத்தைச் சுமார் 32 நிமிடம் குறைத்தது.

சூரியக் குடும்பம் எங்கே முடிகிறது?

இதற்கு இரண்டு விடைகள் உண்டு. சூரியனிலிருந்து வீசும் மின்னேற்றத் துகள்களின் காற்று, விண்மீன்களுக்கு இடைப்பட்ட வாயுவோடு முட்டி நிற்குமிடத்தை எல்லை என்றால், 1977இல் ஏவப்பட்ட வாயேஜர் 1 அதை 2012 ஆகஸ்டில் தாண்டிவிட்டது. சூரியனின் ஈர்ப்பு எட்டும் தொலைவே எல்லை என்றால், ஊர்ட் மேகம் எனப்படும் வால்வெள்ளிகளின் உறைவிடம் வரை, ஏறத்தாழ ஒரு லட்சம் வானியல் அலகு தொலைவுக்குக் குடும்பம் நீள்கிறது. வினாடிக்கு 17 கிலோமீட்டர் வேகத்தில் விரையும் வாயேஜர் அந்த மேகத்தின் உள்விளிம்பைத் தொடவே இன்னும் சுமார் 300 ஆண்டு ஆகும்.

கருவி எதுவுமின்றி எவற்றைப் பார்க்கலாம்?

புதன், வெள்ளி, செவ்வாய், வியாழன், சனி ஐந்தையும் வெறுங்கண்ணால் காணலாம். விண்மீன்கள் மின்னும், கோள்கள் பெரும்பாலும் மின்னாமல் நிதானமாக ஒளிரும். விடிவெள்ளியாகவும் மாலை வானிலும் தோன்றும் வெள்ளியே எல்லாவற்றிலும் ஒளி மிகுந்தது. சாதாரண இருகண் நோக்கியை அசையாமல் பிடித்து வியாழனைப் பார்த்தால், கலிலியோ கண்ட நான்கு நிலவுகளும் இருபுறமும் சிறு புள்ளிகளாகத் தெரியும். அடுத்த நாள் அவை இடம் மாறியிருக்கும். சூரியனை மட்டும், அதற்கென்று செய்த வடிகட்டி இல்லாமல், வெறுங்கண்ணாலோ நோக்கியாலோ ஒருபோதும் பார்க்கக் கூடாது. பார்வை நிலையாகப் போய்விடும்.